அடுத்த முறை ஊரை மூடினால் கிளினிக் மருந்துக்கு எங்கே போவது?

சீனி, பிரஷர், இருதயம், ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீரகம் என்று மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவர் வீட்டில் இருந்தால், இன்னொரு கொள்ளைநோய் வந்து ஊரை மூடும்போது அவர் மருந்துக்கு எந்த வழியில் போவார் என்று இப்போதே முடிவெடுத்து வைக்க வேண்டும். 2020 இல் யாருக்கும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிய வந்தது, மார்ச் 20 மாலை இலங்கை முழுக்க ஊரடங்கு. அந்த இடைவெளியில் அரிசியும் பருப்பும் வாங்கி அடுக்கிய வீடுகள் எத்தனையோ. குளிசை எத்தனை நாளைக்குக் காணும் என்று எண்ணிப் பார்த்த வீடுகள் மிகக் குறைவு.

கொள்ளைநோய்க் காலத்தில் நாட்பட்ட நோயாளிக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, தொற்று வந்தால் அவருக்குத்தான் அது கடுமையாகும். மற்றது, தொற்று வராமலே அவருடைய வைத்தியம் தடைப்பட்டுப் போகும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசினோம், இரண்டாவதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளிடம் கேட்டபோது, 53 சதவீத நாடுகளில் பிரஷர் வைத்தியமும் 49 சதவீத நாடுகளில் நீரிழிவு வைத்தியமும் 42 சதவீத நாடுகளில் புற்றுநோய் வைத்தியமும் பாதியாகவோ முழுதாகவோ தடைப்பட்டிருந்தன. டொக்டரும் தாதியும் வாட்டும் அம்புலன்ஸும் கொரோனாப் பக்கம் திருப்பப்பட்டதால் வந்த நிலை அது.

நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமும் அதுதான் நடந்தது. காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கொரோனா நோயாளரைப் பராமரிக்கும் இடமாக மாற்றப்பட்டது. அது தேவையான வேலை, செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஓர் ஊரின் ஆஸ்பத்திரி அப்படி மாறும்போது அந்த ஊர்க் கிளினிக்காரர் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. 2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டது, 2021 தொடங்கும்போது காத்தான்குடி. நாடு திறந்திருக்க நம் ஊர் மட்டும் பூட்டிக் கிடந்த காலமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி திறந்திருந்தும் நமக்குப் பயனில்லை.

சரி, என்னென்ன வழி இருந்தது? பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கையே விடாமல் பிடித்துக்கொள்வது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாறுவது, மருந்தைத் தபாலில் எடுப்பது, தனியாரிடம் காசு கொடுத்துப் பார்ப்பது, தொலைபேசியில் டொக்டரிடம் கேட்பது. ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும், அவருக்காகத்தான் இதையெல்லாம் யோசிக்கத் தொடங்கினேன்.

பெரியாஸ்பத்திரி என்றால் எங்களுக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. வைத்திய நிபுணர்கள், எக்கோ, ஸ்கான், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில். நம் சனத்துக்கு அதில் இருக்கிற நம்பிக்கையும் பெரியது. சாதாரண காலத்தில் விடியற்காலை பஸ்ஸில் போய், நம்பர் எடுத்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, பிறகு கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டு, டொக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து வர மத்தியானம் தாண்டும். தொற்றுக் காலத்தில் இதே வழிதான் ஆகச் சிக்கலானது. சனம் கூடுகிற இடம், தொற்றாளரும் வந்து போகிற இடம், பஸ் இல்லாத நாளில் போய்ச் சேர முடியாத இடம். களுவாஞ்சிகுடியிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், பொத்துவிலிலிருந்து என்றால் நூறைத் தாண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் ஊரடங்கில் போக விட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் போக வாகனம் வேண்டுமே. ஓட்டோ பிடித்தால் போய்வரும் கூலியே ஒரு மாதத்து மருந்துக் காசைத் தாண்டிவிடும்.

ஆனாலும் சிலருக்கு வேறு வழியே கிடையாது, அவர்கள் போகத்தான் வேண்டும். சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்கிறவருக்கு வாரத்தில் இரண்டோ மூன்றோ முறை இரத்தம் சுத்தமாக்குகிற இயந்திரம் வேண்டும். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் கட்டி மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறி இருதயம் நிற்கவும் கூடும். புற்றுநோய்க்குக் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறவர், தலசீமியா என்ற இரத்த நோய்க்கு இரத்தம் ஏற்றுகிற பிள்ளை, இருதயத்தில் செயற்கை வால்வு வைத்து, இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவர், இவர்களுக்கும் அப்படித்தான். இவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய யோசனை வாகனத்தைப் பற்றியது: எந்த உறவுக்காரரிடம் வாகனம் இருக்கிறது, அவருடைய வீதி மூடப்பட்டால் அடுத்தவர் யார், யூனிட்டின் தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கிறது.

வார்ஃபரினைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் "குளிசைதானே, தபாலில் வந்தால் போதும்" என்று பலரும் நினைக்கிற மருந்து அது. அதன் அளவு ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. ஊரடங்கில் மீனும் இறைச்சியும் கிடைக்காமல் வளவில் நின்ற முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையுமாகச் சமைத்த வீடுகள் எத்தனை! கீரையில் இருக்கிற விற்றமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். சாப்பாடு மாறி, பரிசோதனையும் இல்லாமல், குளிசை மட்டும் அதே அளவில் தொடர்ந்தால் ஒன்றில் இரத்தம் கட்டும், இல்லாவிட்டால் எங்காவது கசியும். மருந்து கையில் இருப்பது மட்டும் இவர்களுக்குப் போதாது.

அடுத்தது பக்கத்து ஆஸ்பத்திரி. நான் ஆதரிப்பது இதைத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடி, ஏறாவூர், வாழைச்சேனை, அம்பாறைப் பக்கம் கல்முனையில் இரண்டு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரம் முழுக்க ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அதற்குக் கீழே பிரதேச வைத்தியசாலைகள். "அங்க என்ன டொக்டர் இருக்கிறார், பனடோல்தான் குடுப்பாங்க" என்ற பேச்சை எல்லா ஊரிலும் கேட்கலாம். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒருவருக்கு மாதாமாதம் தேவைப்படுவது என்ன? பிரஷரைப் பார்ப்பது, இரத்தத்தில் சீனியைப் பார்ப்பது, காலைப் பார்ப்பது, அதே குளிசையைத் திரும்பக் கொடுப்பது. மெட்ஃபோமின், லொசாட்டன், அம்லோடிபின், அட்டோவாஸ்டட்டின் போன்ற சீனி, பிரஷர், கொழுப்புக் குளிசைகள் சின்ன ஆஸ்பத்திரியிலும் பொதுவாகக் கிடைக்கிறவைதான். இதற்கு முப்பது கிலோமீற்றர் போகத் தேவையில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரருக்கு இது இன்னும் முக்கியம். மண்டூரில் இருக்கிற ஒருவர் குருமண்வெளிக்குப் படகுப்பாதையில் வாவியைக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போவதையும், ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போவதையும் நினைத்துப் பாருங்கள். தொற்றுக் காலத்தில் மட்டும் இல்லை, மார்கழி மாரியில் வெள்ளம் ஏறி வீதி அறுந்தாலும் இதே நிலைதான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோதும் இதே நிலைதான். அந்த வருடம் நடந்து போகக்கூடிய தூரத்தில் கிளினிக் இருந்தவர் பிழைத்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. சின்ன ஆஸ்பத்திரியில் சில மருந்து இருக்காது, குறிப்பாக இருதயத்துக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கிற சில மருந்துகள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை) போன்ற பரிசோதனைகளுக்கு வெளியே அனுப்புவார்கள். பிரதேச வைத்தியசாலையில் நிபுணர் இருக்க மாட்டார். அப்புறம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியே கொரோனா வாட்டாக மாறக்கூடும் என்பது காத்தான்குடியில் நாம் பார்த்த விஷயம். ஆகவே பக்கத்து ஆஸ்பத்திரி என்று ஒன்றை மட்டும் நம்பாமல், அதற்கு அடுத்ததும் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவதால் ஈடுகட்டலாம்.

தபால். 2020 ஏப்ரலில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஊரே அடங்கிக் கிடந்த நாளில் சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்து படலையில் மணியடித்த தபால்காரரை நான் நன்றியோடு நினைக்கிறேன். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எத்தனையோ பேர் மருந்தையே விட்டிருப்பார்கள்.

ஆனால் தபாலில் என்ன வருகிறது, என்ன வராது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த உறைக்குள் சின்னச் சின்னக் கடதாசிப் பைகள், ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் பேனையால் எழுதி, கீழே காலைக்கும் இரவுக்கும் எத்தனை என்று ஒரு குறி. அம்மா அதுவரை லொசாட்டன் 50 மில்லிகிராமைப் பாதியாக உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர். இந்த முறை வந்தது 25 மில்லிகிராம் குளிசை, முழுதாகக் குடிக்க வேண்டியது. பையில் அது சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் மாற்றியிருக்கிறோம் என்று வாயால் சொல்ல யாரும் இல்லை. அம்மா பழக்கத்தில் அதையும் பாதியாக உடைத்துக் குடித்திருக்கிறார். தலை பாரமாக இருக்கிறது, பிடரி வலிக்கிறது என்று சொன்ன பிறகு பக்கத்து வீட்டு மெஷினால் பார்த்தால் பிரஷர் ஏறி நின்றது. மருந்துக் கவுண்டரில் நின்றிருந்தால் "அம்மா, இது முழுக் குளிசை, உடைக்காதீங்க" என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கும். அந்த ஒரு வசனம் தபாலில் வராது.

இன்சுலின் அப்படி அனுப்புகிற சாமான் இல்லை, திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் சைக்கிள் பையில் வந்தால் அதன் வீரியம் போய்விடும். வாதக் காய்ச்சலால் இருதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பென்சிலின் ஊசி, மனநலக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை போடுகிற ஊசி, இவையும் வராது. இந்த ஊசிகள் தவறுவதுதான் எனக்கு ஆகப் பயம், ஏனென்றால் தவறிய அன்று ஒன்றும் நடக்காது, ஆள் நல்லாத்தான் இருக்கிறார் என்று வீட்டார் நினைப்பார்கள், மாதங்கள் கழித்துத்தான் விளைவு தெரியும். ஊசிக்காரருக்குத் தபால் வழியே அல்ல, பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைப் போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

விலாசமும் ஒரு பிரச்சினை. கிளினிக் கொப்பி திறந்த வருடத்தில் எழுதிய விலாசமும் இலக்கமும் இன்னும் அப்படியே இருக்கும். மகளின் வீட்டுக்கு மாறிப் போன தாயின் மருந்து பழைய வீட்டுக்குப் போகும். என் கணக்கில் தபால் என்பது ஒரு தவணைக்கு நல்லது, இரண்டாவது தவணைக்கும் சமாளிக்கலாம். அதற்கு மேல் யாரும் பிரஷரையும் சீனியையும் பார்க்காமல் குளிசை மட்டும் வந்துகொண்டிருந்தால் அதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.

தனியாரிடம் சனல் பண்ணுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காசு உள்ளவருக்கு வசதி, காத்திருப்பு குறைவு, தெரிந்த டொக்டரைப் பார்க்கலாம். ஆனால் முழு ஊரடங்கில் அவையும்தான் மூடின, பார்மசிகளும் குறித்த நாட்களில்தான் திறந்தன. மாதக் கூலிக்கு வேலை செய்கிற வீட்டில் வேலையும் நின்றுபோன நேரத்தில் ஐந்து வகைக் குளிசையைக் காசுக்கு வாங்கினால் பாதி நாளைக்குத்தான் வாங்குவார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பார்கள். அதை நான் கண்டிருக்கிறேன். தனியாரிடம் போனாலும் அவர் எழுதியதை அரச கிளினிக் கொப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள். பார்மசியில் வேறு கொம்பனிக் குளிசை தந்தால் பழைய மட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பெயரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகக் குடித்துவிடுவார்கள்.

தொலைபேசியை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. தபாலில் வராத அந்த வசனத்தைத் தொலைபேசி கொண்டுவரும். 2020 இல் நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கியது, அதுவும் கட்டுப்பாடுகளுக்கு நடுவில். வழக்கமாக நோன்புக்கு முன் கிளினிக்கில் கேட்டு, காலைக் குளிசையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹருக்கு அளவைக் குறைத்து வாங்குகிற உம்மாக்களும் வாப்பாக்களும் அந்த வருடம் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தார்கள். கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையை வழக்கம்போல் குடித்துவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி இருந்தால் சீனி விழுந்து மயங்கிப் போகலாம். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் தீருகிற விஷயம் அது. வயிற்றோட்டமும் வாந்தியுமாகக் கிடக்கும்போது மெட்ஃபோமினையும் நீர் போகும் குளிசையையும் தொடர்வதா நிறுத்துவதா என்பதும் அப்படித்தான், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது. இன்சுலினை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்புக் குளிசையும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் அதே வகை, திடீரென்று விட்டால் ஆபத்து.

தொலைபேசியால் முடியாததும் இருக்கிறது. வயலில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிற சீனிக்காரரின் பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்ன வெடிப்பு. அவருக்கு வலிக்காது, நரம்பு செத்துவிட்டது. வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் சிவப்பும் சீழும் தெரியும். கால் சூடாக இருக்கிறதா, நாடி ஓடுகிறதா, எலும்பு வரை போய்விட்டதா என்பதைக் கைவைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட புண்ணுக்கு ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருந்தால் விரலோடு போக வேண்டியது முழங்காலோடு போகும். நெஞ்சு நோவு, ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, மூச்சு முட்டுவது, இவற்றுக்கு எந்த வழியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, 1990 ஐ அழையுங்கள். கொரோனாப் பயத்தில் நெஞ்சு நோவோடு வீட்டிலேயே கிடந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், 2020 இல் மாரடைப்புக்கு ஆஸ்பத்திரி வந்தவர்களின் தொகை பல நாடுகளில் சட்டென்று குறைந்தது. மாரடைப்புக் குறைந்ததாக யாரும் நம்பவில்லை.

இனி எங்கள் வீட்டு முடிவு. அம்மாவின் மாதக் கிளினிக்கைப் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கு மாற்றினோம். வருடத்தில் இரண்டு முறை பெரியாஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர், கண், கால் எல்லாம் பார்த்து வருகிறோம். இரண்டு வாரத்துக் குளிசை எப்போதும் மேலதிகமாகக் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம், பழையதை முதலில் முடித்துப் புதியதை வைக்கிறோம். கையில் கட்டிப் பார்க்கிற பிரஷர் மெஷினை நானும் மாமி வீடும் சேர்ந்து வாங்கினோம், மணிக்கட்டில் கட்டுகிற வகையை விட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. சீனி பார்க்கிற மெஷினை வாங்குகிறவர்கள் மெஷின் விலையை மட்டும் பார்க்க வேண்டாம், அதற்குப் போடுகிற ஸ்ட்ரிப் ஊர்ப் பார்மசியில் தொடர்ந்து கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கொப்பியின் கடைசி இரண்டு பக்கத்தையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து, கொழும்பில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பிவைக்கிறேன்.

உங்கள் வீட்டு ஆளுக்கு இது பொருந்தாமல் போகலாம். டயலிசிஸ்காரர், வார்ஃபரின்காரர், கீமோக்காரர் பெரியாஸ்பத்திரியை விடக் கூடாது. நிலையாக இருக்கிற சீனி, பிரஷர், தைரொயிட், ஆஸ்துமாக்காரர் மாறலாம். இன்சுலின் அளவு அடிக்கடி மாறுகிறவர், காலில் புண் உள்ளவர் இன்னும் கொஞ்சக் காலம் நிபுணரிடமே இருந்து, நிலைப்பட்ட பிறகு மாறட்டும்.

மாறுவதென்றால் கொள்ளைநோய் வரும்வரை இருக்க வேண்டாம், அப்போது புதிய ஆளைச் சேர்க்க எந்த ஆஸ்பத்திரிக்கும் கை ஓயாது. அடுத்த கிளினிக் நாளில், டொக்டர் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "எங்கட ஊர் ஆஸ்பத்திரியில தொடர ஒரு கடிதம் தாங்க சேர்" என்று கேளுங்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, கடைசிப் பரிசோதனை முடிவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். மருந்துக் கவுண்டருக்குப் போன பிறகு ஞாபகம் வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டிவரும். புதிய இடத்துக்கு முதல் நாள் போகும்போது கடிதத்தோடு வெறும் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே எது இருக்கிறது, எது இல்லை என்று மருந்துக் கவுண்டரில் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.